நுண்ணொலித் தட்டும் நம்மவர் செவியும்

இசைத்தட்டு வியாபாரம் தோன்றிய நாள்தொட்டு அதன் வியாபாரிகள் ஒரே வாக்குறுதியைத்தான் வேறு வேறு சொற்களால் கூறி வருகின்றனர். பாடுகிறவரே நேரில் வந்து உங்கள் கூடத்தில் அமர்ந்து பாடுவது போலிருக்கும் என்பதே அவ்வாக்குறுதி. அரக்குத் தட்டு விற்றவனும் அதையே சொன்னான். எல்பி தட்டு விற்றவனும் அதையே சொன்னான். வெள்ளி போல் மின்னும் சிடி விற்றவனும் அதையே சொன்னான். புதிய தட்டு வந்தவுடன், முன்னைய தட்டில் நீங்கள் கேட்டது பாடகரையன்று, அவரது நிழலையே என்று சொல்லவும் அவர்கள் கூசியதில்லை. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானியரின் சோனி கம்பெனியும் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியும் சேர்ந்து ‘சூப்பர் ஆடியோ சிடி’ என்னும் நூதனத் தட்டை வெளியிட்டபோதும், அடுத்த ஆண்டில் வேறு சில கம்பெனிகள் ‘டிவிடி ஆடியோ’ என்னும் போட்டித் தட்டைக் கொணர்ந்தபோதும், உலகம் கேட்டது அதே பழைய வாக்குறுதியைத்தான். இவ்விரு தட்டுகளும் ஒலியின் நுட்பத்தையே உயிராகப் போற்றும் ஆடியோஃபைல்களை, அதாவது ஒலிரசிகர்களை, தம் வசப்படுத்த வந்தவை. வசப்படுத்தினவா? இல்லையெனில் ஏன்? வரலாற்றின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

கோத்தா திங்கியிலிருந்து இதை எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். ஜோகூர் ஆற்றங்கரையில், 1699-இல் கொலையுண்ட சுல்தான் மகமூதின் கல்லறையைக் கொண்ட ஊர் இது. சுற்றிலும் தோட்டங்கள், ஒருகாலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்குள்ளவர்க்கு நுண்ணொலித் தட்டு விவகாரம் எதற்கு? நாமோ, இங்குள்ளவர்க்கே இது மிகவும் வேண்டும் என்போம். ஜோகூர் பாரு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே அடெல்ஃபி என்னும் கட்டடத்தில் உயர்ந்த விலை ஒலிக்கருவிக் கடைகள் பல உள்ளன. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்கும் நம் இளைஞரிற் சிலர் அங்கு சென்று, ஒலிபெருக்கிக்கும் இணைப்புக் கம்பிக்கும் மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்து வருகின்றனர். அதே வீட்டுப் பரணில், பாட்டன் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய தட்டுகள் கரையான் புற்றுக்கு அருகே கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைத்தான் நாம் பேச வேண்டும்.

1887-இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு உரிமை பெற்றார். பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் உலகின் தட்டுகளிற் பெரும்பாலானவை அரக்கினால் ஆனவை. அவ்வரக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் கூடி வாழும் சிறு பூச்சிகள் கக்கியதைச் சுரண்டி, காய்ச்சி, கப்பலேற்றினர் ஏழைகள். அது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தட்டாயிற்று. கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஆலை 1908-இல் எழுந்தபின் இந்தியத் தட்டுகள் இந்தியாவிலேயே அச்சாயின. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சென்னை வழியாகத் தமிழ்த் தட்டுகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. காட்டுக் கூலி எடுத்த அரக்கு, பாட்டாகித் தோட்டக் கூலியிடம் வந்து சேர்ந்தது என்றால் மிகையாகாது.

அத்தட்டின் ஒலி எத்தகையது? நிமிஷத்துக்கு 78 சுற்று; பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடினாலும் கூடும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மழுங்கிய ஊசி தட்டையே அரைத்துவிடும். ஒரு மணி நேரம் ராகம் விரிக்கும் வித்துவான் தம் ஆலாபனையைச் சில விநாடிகளில் அடக்கினார். நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் புகழ்பெற்ற தோடியும் இச்சிறைக்குள் அடைபட்டே ஜனங்களிடம் சென்றது. இத்தனை குறைகளோடும் தட்டு வென்றது. கோயில் திருவிழாவுக்கும் நாடகக் கொட்டகைக்கும் நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலிருந்தவன், சாவி கொடுத்தால் பாடும் பெட்டியைக் கண்டபோது கீறல் சப்தத்தைப் பொருட்படுத்துவானா? லயத்தில் ஒரு வீட்டில் கிராமபோன் இருந்தால் அந்த வரிசை முழுவதும் அவ்வீட்டு வாசலில்தான். யார் என்ன சாதி என்று கேட்காமல் எல்லார் காதிலும் ஒரே பாட்டு விழுந்தது. கொட்டகையிலும் கோயிலிலும் அக்காலத்தில் கிடைக்காத சமத்துவம் அது.

அக்காலத்திலேயே, ‘எம் தட்டே உயர்ந்த தட்டு’ என்று நுட்பத்தை மட்டும் நம்பி இறங்கிய ஒருவர் இருந்தார். அவர் சாமானியரல்லர், ஒலிப்பதிவையே முதன்முதல் உலகுக்குக் காட்டிய தாமஸ் எடிசன். 1912-இல் அவர் வைரத் தட்டு என்ற பெயரால் கால் அங்குலக் கனமுள்ள தட்டை விற்கத் தொடங்கினார். வைர ஊசியை மாற்றத் தேவையில்லை. தட்டும் எளிதில் தேயாது. ஒலியும் மற்றவர் தட்டினும் தெளிவானது என்பதைப் போட்டியாளரும் மறுக்க முடியவில்லை. 1915 முதல் ஊர் ஊராக ஒலிப் பரீட்சைகளும் நடத்தினார். மேடையில் பாடகியும் இயந்திரமும் நிற்பர், விளக்கு அணையும், பாட்டு தொடரும், விளக்கு மீண்டும் எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டார், இயந்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். சபையோர் பிரமித்தனர். அப்பரீட்சைகளில் பாடிய அன்னா கேஸ் அம்மையார், தம் குரலை இயந்திரத்தின் குரலுக்கு ஒப்ப அமைத்துப் பாடியதாகப் பல்லாண்டுகளுக்குப்பின் தெரிவித்தார். பரீட்சையில் தேறியது இயந்திரமா பாடகியா என்று வாசகரே முடிவு செய்துகொள்க.

எடிசன் தட்டு தோற்றது. அதன் வரிப்பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டது. மற்றவர் தட்டில் பக்கவாட்டில் வெட்டப்பட்டது. ஆகவே அவர் தட்டை அயலார் பெட்டியிலும், அயலார் தட்டை அவர் பெட்டியிலும் முறையாகப் பாடவைக்க இயலாது. அன்றியும், யார் பாடுவது என்பதைக் காது மந்தமான எடிசனே தம் விருப்பு வெறுப்புப்படி தீர்மானித்தார். கரூசோவைக் கேட்க விரும்பியவன் விக்டர் கம்பெனிக்குப் போனான். 1929 அக்டோபரில் எடிசன் தட்டு வியாபாரத்தைக் கைவிட்டார். எண்பது ஆண்டு கழிவதற்குள் சோனியும் பிலிப்ஸும் நடந்த பாதை இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

1948-இல் கொலம்பியா கம்பெனி எல்பி தட்டைக் கொணர்ந்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். வித்துவானுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் எல்பியாக வந்து, தென்னாட்டில் விடியற்காலையையே தனதாக்கிக் கொண்டதை அறியாதாரில்லை. அதே 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டது. கேசட்டின் ஒலி எல்பிக்கு ஒருபோதும் நிகரன்று, இரைச்சல் மிகுதி, நாடா சிக்கினால் பென்சிலைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். ஆயினும் நம்மவரிடையே அது எல்பியை மண்ணைக் கவ்வ வைத்தது. மின்கம்பி சரிவர வராத லயத்தில் பேட்டரியால் பாடிற்று, பஸ்ஸில் பாடிற்று, பட்டணத்துக் கடைக்காரரிடம் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தால் வேண்டியதை வேண்டிய வரிசையில் பதிந்து தந்தார். சிங்கப்பூரில் பல காட்சிகள் எடுக்கப்பட்ட ‘ப்ரியா’ படத்துக்கு 1978-இல் இளையராஜா அமைத்த பாடல்கள், ஸ்டீரியோ முறையில் பதிவான முன்னோடித் தமிழ்த் திரைப்பாடல்களாகப் போற்றப்படுபவை. அவற்றை நம்மில் எத்தனை பேர் ஒற்றை ஒலிபெருக்கி ரேடியோ கேசட்டில் கேட்டு உருகினோம்! இரண்டாவது காது பட்டினி கிடந்தது என்று எவரும் குறைப்படவில்லை.

1982-இல் சிடி வந்தது. அது ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறது. மனிதச் செவி இளமையில் ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். வயது ஏற ஏற மேலெல்லை இறங்கும். சிடியின் அளவு அவ்வெல்லையைத் தாங்கப் போதுமானது என்பது கணித முடிபு. ஆனால் ஜனங்கள் கணிதம் பார்த்தா வாங்கினார்கள்? கீறல் இல்லை, திருப்பிப் போட வேண்டியதில்லை, விரும்பிய பாட்டுக்கு ஒரு பொத்தான், இவற்றுக்காகவே வாங்கினர். நுட்பமும் சௌகரியமும் ஒரே தட்டில் கூடிவந்தமையால் சிடி வென்றது.

இனி 1999. சிடியின் காப்புரிமைகள் காலாவதியாகும் தறுவாயில் இருந்தன. அவ்வருமானத்துக்கு வாரிசு தேவைப்பட்டது. சூப்பர் ஆடியோ சிடி ஒலியை ஒற்றைப் பிட்டாக, விநாடிக்கு 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை, அதாவது சிடியைப்போல் 64 மடங்கு வேகத்தில், எழுதுகிறது. டிவிடி ஆடியோவோ 24 பிட் எண்களை விநாடிக்கு 192,000 வரை எழுதவல்லது. எண்களைப் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் ஒன்றின் தட்டு மற்றொன்றின் கருவியில் பாடாது. எடிசன் செய்த அதே காரியம்! களவுப்பிரதிக்கு அஞ்சி, நுண்ணொலியை எண்வடிவில் வெளியே எடுக்க வொட்டாமல் பூட்டும் போட்டனர். காசு கொடுத்தவன் ஆறு கம்பிகளைத் தனித்தனியே செருக வேண்டியவனானான். சரக்கும் குறைவு. பெரும்பாலும் மேனாட்டுச் சாஸ்திரிய இசையும், முன்பே இருமுறை விற்ற பழைய ராக் இசையுமே கிடைத்தன. தமிழ்த் திரையிசைக்கு அக்கடையில் இடமிருந்ததாகச் சொல்வதற்கில்லை.

அவ்வேளையில் நம் நாட்டுச் சந்தையில் நடந்ததென்ன? பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளில் விசிடிகள் சில வெள்ளிக்குக் குவிந்து கிடந்தன. களவுத் தட்டை ஒடுக்க அரசாங்கம் 2000-இல் ஒளித்தட்டுச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அமெரிக்காவில் 1999-இல் நாப்ஸ்டர் தோன்றிப் பாட்டை இலவசப் பண்டமாக்கியது; 2001-இல் ஐபாட் ஆயிரம் பாட்டைச் சட்டைப் பையில் வைத்தது. நுண்ணொலியை வழங்கியோர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்க, ஜனங்கள் சிடியினும் தாழ்ந்த ஒலியை மகிழ்ச்சியோடு தழுவிக்கொண்டு வேறு வழியே போய்விட்டனர். டிவிடி ஆடியோ சில ஆண்டுகளில் மறைந்தது. சூப்பர் ஆடியோ சிடி மட்டும் ஜப்பானிலும் ஐரோப்பாவின் சில சிறு கம்பெனிகளிடமும் உயிர் வைத்திருக்கிறது.

ஜனங்கள் போகட்டும், பொற்செவி படைத்தோர் எனப்படும் ஒலிரசிகராவது வேறுபாட்டை உணர்ந்தனரா? கண்ணை மூடிப் பரீட்சை செய்யாமல் எதையும் நம்பலாகாது என்பது நம் கட்சி. சாமியாடியிடம் கேட்பதையே தட்டு விற்பவனிடமும் கேட்க வேண்டும். பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்னும் இருவர் நடத்திய பரீட்சையின் முடிவு 2007-இல் ஒலிப்பொறியாளர் சங்க ஏட்டில் வெளிவந்தது. நுண்ணொலித் தட்டின் ஒலியை நேராகவும், நடுவே சிடி அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். எது எது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. 554 முயற்சிகளில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதுவே கிடைத்திருக்கும். பின்னர் 2016-இல் இலண்டனில் ஜோஷுவா ரைஸ் என்பார் 18 ஆராய்ச்சிகளின் 12,000-க்கு மேற்பட்ட முயற்சிகளைத் திரட்டி ஆய்ந்தார். நூற்றுக்கு 52-ஐச் சற்றே கடந்த சரியான விடை கிடைத்தது. முன்பயிற்சி பெற்றோர் அதினும் மேலாகத் தேறினர். ஆகவே வேறுபாடே இல்லையென்று அடித்துச் சொல்வதும் தவறு. அது மிகச் சிறிது. வழக்கமான வீட்டில், மின்விசிறி ஓசைக்கு நடுவில், காணக் கிடைப்பதன்று.

அப்படியானால் நுண்ணொலித் தட்டு வாங்கியோர் பலர் ‘இது நன்றாயிருக்கிறது’ என்று சத்தியம் செய்கின்றனரே, அது பொய்யா? பொய்யன்று. மேற்படி பாஸ்டன் ஆய்வாளரே இதற்கும் விடை கூறினர். அத்தட்டுகளைத் தயாரித்தோர், வாங்குவோர் நல்ல கருவியுடையார் என்று அறிந்து, மூலப்பதிவை நிதானத்தோடும் கவனத்தோடும் செப்பம் செய்தனர். சாதாரணச் சிடியையோ, 1990-க்குப்பின் ஒருவரைவிட ஒருவர் உரக்கக் கத்த வேண்டும் என்ற போட்டியில், மெல்லொலியும் வல்லொலியும் ஒன்றாகும்படி நசுக்கிவிட்டனர். சமையற்காரன் கைப்பக்குவத்துக்குரிய புகழ் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நம்மவர் அறிய வேண்டிய சான்று ஒன்றுண்டு. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அமெரிக்காவில் சாந்தா பார்பரா நகரில் ‘வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்’ என்னும் சிறு கம்பெனியை நடத்தியவர். 1992-இல் அங்குள்ள ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில், மோகன வீணை விசுவமோகன பட்டையும் கிதார் கலைஞர் ரை கூடரையும் எதிரெதிரே உட்காரவைத்து, அதிகமான ஒத்திகையின்றி, வெற்றிடக்குழாய்க் கருவிகளால் காந்த நாடாவில் பதிந்தார். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற அத்தட்டு கிராமி பரிசு பெற்றது. தொடர்ந்து, நம் சித்திர வீணை ரவிகிரணையும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் தாஜ் மகாலையும் பட்டோடு சேர்த்து ‘மும்தாஜ் மகால்’ என்ற பதிவை 1995-இல் வெளியிட்டார். உலகின் ஒலிரசிகர் தம் கருவியைச் சோதிக்க இவர் தட்டுகளைத் தேடினர். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ சிடியாக வந்தபோதே மெச்சப்பட்டது. பின்னர் சூப்பர் ஆடியோ சிடியாகவும் வந்தது. எதில் கேட்டாலும் அவ்வாலயத்தின் காற்று அதில் இருக்கிறது. பதியும்போதே பிடிபடாத காற்றை எத்தட்டும் பிற்பாடு கொண்டுவந்து சேர்க்காது.

நுண்ணொலித் தட்டு ஒலிரசிகரை வென்ற கதை ஒன்றும் இருக்கிறது; ஆனால் மாறுவேடத்தில் வென்ற கதை அது. இந்நூற்றாண்டில் எல்பி மறுபிறவி எடுத்தது. 2022-இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் எல்பிகளும் 3 கோடியே 30 லட்சம் சிடிகளும் விற்றன. எண்ணிக்கையில் எல்பி முந்தியது 1987-க்குப்பின் அதுவே முதன்முறை. எண்முறை ஒலியில் உயிரில்லை, நாடாவிலிருந்து நேரே வெட்டிய எல்பியில்தான் உயிர் உண்டு என்பது ஒலிரசிகரிற் பெரும்பகுதியாரின் மதம். அம்மதத்தாரின் பெருங்கோயில்களுள் ஒன்று மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்கக் கம்பெனி. 2022 ஜூலையில் வெளிப்பட்ட உண்மை யாதெனில், அக்கம்பெனி 2011 முதலே தன் எல்பிகள் பலவற்றை, மூலநாடாவை முதலில் எண்முறையில் படியெடுத்து, அப்படியிலிருந்தே வெட்டி வந்தது! அவ்வெண்முறை எது? சூப்பர் ஆடியோ சிடிக்கென்று பிறந்த அதே ஒற்றைப் பிட் முறைதான். பதினோராண்டுக் காலம் பொற்செவிகள் அதனைக் கேட்டு, ‘இதோ எண் கலவாத தூய ஒலி’ என்று மெய்சிலிர்த்தன. வழக்கும் தொடுக்கப்பட்டு, பெருந்தொகையில் சமாதானமும் ஆயிற்று. தட்டின் பெயரைச் சொன்னால் ஒதுக்கியவர், பெயரை மறைத்துக் கொடுத்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டனர். சாதியைச் சொன்னால் கை நனைக்காதவன், சொல்லாதபோது பந்தியில் இரண்டாந்தரம் கேட்டு உண்ட கதையை நம் வாசகர் அறிவர்.

2021-இல் ஆப்பிள் கம்பெனி தன் சந்தாதாரருக்குச் சிடிக்கும் மேற்பட்ட நுண்ணொலியைத் தனிக் கட்டணமின்றியே தொலைபேசியில் அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆகவே நுண்ணொலிக்கென ஒரு தட்டை வாங்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது. ஒலிரசிகர் தட்டு வாங்குவது இனிக் கையில் பிடித்துப் பார்க்கவும் அலமாரியில் அடுக்கவுமே, அதில் குற்றமொன்றுமில்லை.

ஆனால் நுண்ணொலி முறைக்கு மெய்யான வேலை ஓரிடத்தில் உண்டு. அது அடெல்ஃபி கடையிலன்று, நாம் முன்னே சொன்ன பரணிலே. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பேசும் படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அவர் குரலுக்கு இன்று எஞ்சியுள்ள இருப்பிடம் அரக்குத் தட்டு ஒன்றே. அவரைப்போல் பெயர் மங்கிய நாடகப் பாடகர், கிராமியப் பாடகர், நகைச்சுவை செட்டு பேசியோர் எத்தனையோ பேர். அவர்களின் தட்டுக்கு அச்செடுத்த உலோக மூலங்களிற் பல எங்கும் கிடையா. தோட்டத்து வீட்டில் கிடக்கும் தட்டே சில பாட்டுகளுக்குக் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

2006 டிசம்பரிலும் மறுபடி 2007 ஜனவரியிலும் ஜோகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கி நீரில் மூழ்கியதை இவ்வூரார் மறந்திரார். அத்தகைய வெள்ளத்தில் சிடியைக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் பாடும். கேசட்டு நாடா சேற்றில் ஊறிப் பூசணம் பிடிக்கும். அரக்குத் தட்டு தப்பினாலும் நடுவிலுள்ள காகிதச் சீட்டு ஊறி உரிந்து, பாடியவர் யார், பாட்டு எது என்று தெரியாத அநாதையாகும்.

இத்தட்டுகளைப் படியெடுக்க இன்றே முனைய வேண்டும். உலக ஒலிக்காப்பகச் சங்கத்தார் இதற்கு விநாடிக்கு 96,000 அளவு, 24 பிட் என்ற நுண்முறையைப் பரிந்துரைப்பது வீண் ஆடம்பரமன்று. கீறலின் ‘டிக்’ என்னும் ஓசை மிகக் கூரியது. நுண்முறையில் அது பாட்டினின்றும் பிரிந்து தெளிவாகத் தெரிவதால், பின்னர்க் களைவது எளிது. செவிக்கு வேண்டாத அதிர்வும் செப்பனிடுவோனுக்கு வேண்டும். எல்பிக்குரிய மெல்லிய ஊசியை அரக்குத் தட்டில் வைக்கலாகாது. அதன் பள்ளம் அகன்றது, ஊசி அடியில் கிடந்து குப்பையையே வாசிக்கும். 78 சுற்றுத் தட்டுக்கென்று தடித்த ஊசி தனியே விற்கிறது. ஓர் இணைப்புக் கம்பியின் விலைகூட ஆகாது. சாராயம் தொட்டுத் துடைத்துவிடாதீர்; அரக்கு அதில் கரையும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். சீட்டு உரிந்துபோன தட்டையும் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். நடுச்சீட்டை ஒட்டிய வழவழப்பான வட்டத்தை விளக்கருகே சாய்த்துப் பார்த்தால் சிறு எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பது தெரியும். அது பதிவின்போது கம்பெனி இட்ட எண். பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டால் பாடியவர் பெயரை அதிலிருந்து மீட்கலாம்.